டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்கு ஏற்ற ஆயிலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்ற கோடையில் தென்னந்தோப்பில் புல் வெட்டிக்கொண்டிருந்த எங்கள் பிரஷ் கட்டர், முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே குரல் கம்மி, ஓரிரு நொடிகளில் நின்றுவிட்டது. அரை மணி நேரம் ஆறவிட்டுக் கயிற்றை இழுத்தேன். கயிறு வந்தது, ஆனால் வழக்கமாகக் கையில் தெரியும் அழுத்தம் இல்லை. சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடியிருந்தன. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங், தன் பள்ளத்துக்குள் தேன் நிறத்தில் இறுகிய பிசினோடு ஒட்டிக்கொண்டு, ஈர்க்குச்சியால் அழுத்தினாலும் அசையாமல் கிடந்தது.

ஆயில் ஊற்றாததால் வந்த கேடு அல்ல இது. கையேட்டில் சொன்னபடி லிட்டருக்கு 25 மில்லி அளந்துதான் கலந்திருந்தேன். கலந்த ஆயிலும் மட்டமானது அல்ல. கடற்கரை ஊரிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த, படகு மோட்டாருக்கான விலை உயர்ந்த ஆயில். அது நல்ல ஆயில்தான், ஆனால் அந்த என்ஜினுக்கு உரியதல்ல. டூ-ஸ்ட்ரோக் ஆயிலை விலையையும் நிறத்தையும் பார்த்து வாங்குகிறவர்கள் நம்மிடையே மிகுதி என்பதால், எந்த என்ஜினுக்கு எந்த ஆயில் என்பதை அதன் காரணத்தோடு எழுதிவைக்க விரும்புகிறேன். காரணம் தெரிந்துவிட்டால் புதிதாக ஒரு எந்திரம் வீட்டுக்கு வந்தாலும் தடுமாற்றம் இருக்காது.

இந்த என்ஜினுக்கு ஏன் தனி ஆயில்

கார், நான்கு ஸ்ட்ரோக் பைக் ஆகியவற்றில் என்ஜினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும். பம்ப் அதை மேலே ஏற்றும், அது மீண்டும் கீழே வடியும். டூ-ஸ்ட்ரோக்கில் அதற்கு இடமில்லை. கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோலும் காற்றும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறைக்குள் நுழைந்து, அங்கே அழுத்தப்பட்டு, பிறகே மேலே சிலிண்டருக்குள் போகின்றன. ஆகவே கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் இரு முனைகளிலும் உள்ள ஊசி பேரிங்குகள், பிஸ்டன், சிலிண்டர் சுவர் ஆகிய எல்லாவற்றுக்கும் வேண்டிய ஆயில், பெட்ரோலோடு பனித்துளிபோல் கலந்து வந்து, போகிற வழியில் மெல்லிய படலமாகப் படிந்து, பின்பு பெட்ரோலோடு சேர்ந்தே எரிந்து சைலன்சர் வழியாக வெளியேறியாக வேண்டும்.

இதில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகள் இருக்கின்றன. படிந்திருக்கும்வரை எவ்வளவு சூட்டிலும் உடையாமல் உலோகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். எரியும் நேரம் வந்ததும் மிச்சம் வைக்காமல் எரிந்துபோக வேண்டும். நிமிடத்துக்கு 9,000 சுற்று ஓடும் ஒரு பிரஷ் கட்டரில் இந்தப் படிதலும் எரிதலும் நொடிக்கு 150 முறை நடக்கின்றன.

பைக்குக்கு வாங்கிய 20டபிள்யூ-40 ஆயில் மிச்சமிருக்கிறது என்று அதைப் பெட்ரோலில் கலப்பவர்கள் முதல் வேலையை மட்டும் நினைக்கிறார்கள். அந்த ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கவும் அழுக்கைக் கரைக்கவும் துத்தநாகம், கால்சியம் போன்ற உலோகச் சேர்மங்கள் மிகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கும். அவை எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பல் பிளக்கின் இடைவெளியை அடைக்கும். பிஸ்டன் தலையில் படிந்து தணலாக நின்று, பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். மேலும் அந்த ஆயில் பெட்ரோலில் எளிதில் கரையாமல் டேங்கின் அடியில் தங்கிவிடும். டூ-ஸ்ட்ரோக் ஆயிலில் இந்த உலோகச் சேர்மங்கள் மிகக் குறைவாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. உடனே கரைவதற்காக இலேசான கரைப்பானும் சேர்த்திருப்பார்கள். நீலம், பச்சை, சிவப்பு என்று சாயம் ஏற்றுவது, பெட்ரோலில் ஆயில் கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக மட்டுமே. சாயத்துக்கும் தரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

டப்பாவில் படிக்க வேண்டிய எழுத்துகள்

முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் விளம்பரச் சொற்களைக் கடந்து, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் தரக்குறியீட்டைத் தேடுங்கள். மூன்று குடும்பங்களை அறிந்தால் போதும்.

முதலாவது, ஜப்பானின் வாகனத் தர அமைப்பு வகுத்த ஜாசோ (JASO) குறியீடு. இதில் எஃப்பி, எஃப்சி, எஃப்டி (FB, FC, FD) என்று மூன்று படிகள் இப்போது பயன்பாட்டில் உள்ளன. எஃப்ஏ என்ற பழைய படி கைவிடப்பட்டுவிட்டது. இந்த வகைப்பாட்டின் சிறப்பு, ஒவ்வொரு ஆயிலையும் ஒரு ஒப்பீட்டு ஆயிலோடு சேர்த்து உண்மையான என்ஜினில் ஓட்டிப் பார்ப்பதுதான். ஒப்பீட்டு ஆயிலின் மதிப்பெண் 100. வழுவழுப்பில் மூன்று படிகளுமே குறைந்தது 95 எடுக்க வேண்டும்; இதில் அவற்றுக்குள் வேறுபாடு இல்லை. வேறுபாடு தூய்மையிலும் புகையிலும் இருக்கிறது. பிஸ்டனைத் தூய்மையாக வைப்பதில் எஃப்பிக்கு 85, எஃப்சிக்கு 95, எஃப்டிக்கு 125 என்பது குறைந்தபட்ச அளவு. புகை குறைவாக வருவதில் எஃப்பிக்கு 45 போதும். எஃப்சிக்கும் எஃப்டிக்கும் 85 வேண்டும். ஆகவே எஃப்சியைவிட எஃப்டி "கூடுதல் வழுக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் அது சரியல்ல. எஃப்டி ரிங்கையும் பிஸ்டனையும் கூடுதல் சூட்டில் கூடுதல் காலம் பிசினில்லாமல் வைக்கும் என்பதே உண்மை. உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் (ISO) குறியீட்டில் ஈஜிபி, ஈஜிசி, ஈஜிடி (EGB, EGC, EGD) என்று இருப்பவை ஏறக்குறைய இதே வரிசையில் இவற்றுக்கு இணையானவை.

இரண்டாவது, அமெரிக்காவின் ஏபிஐ டிசி (API TC). இது பழைய குறியீடு. காற்றால் குளிரும் என்ஜின்களுக்கானது. ஏபிஐ டிசி என்று மட்டும் போட்டிருக்கும் ஆயிலை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் புகையைப் பற்றி அந்தக் குறியீடு எதுவும் சொல்லாது.

மூன்றாவது, டிசி-டபிள்யூ3 (TC-W3). அமெரிக்கப் படகு உற்பத்தியாளர் சங்கம் வகுத்தது. இதிலுள்ள டபிள்யூ தண்ணீரைக் குறிக்கிறது. எங்கள் பிரஷ் கட்டரைக் கெடுத்தது இந்த எழுத்தை நான் கவனிக்காமல் விட்டதுதான்.

தண்ணீரில் குளிர்வதும் காற்றில் குளிர்வதும்

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார், கடல் நீரை உறிஞ்சிச் சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டுக் குளிர்விக்கிறது. ஆகவே அதன் பிஸ்டன் அதிகச் சூடேறுவதில்லை. ஆனால் கரையிலிருந்து தொலைவில், மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் பாரம் இழுக்கிறது. வலை விடும்போது நெடுநேரம் மெதுவாகவும் ஓடுகிறது. இந்த நிலையில் சிறிதளவு சாம்பல் மிஞ்சினாலும் பிளக் அடைபடும், அல்லது பிஸ்டன் தலையில் தணல் விழும். எனவே டிசி-டபிள்யூ3 ஆயிலில் சாம்பல் தரும் உலோகம் எதுவுமே இருக்காது. உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் காக்கும் குணமும் அதற்குச் சோதிக்கப்படுகிறது.

பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் செயின் சா, முதுகில் சுமக்கும் விசைத்தெளிப்பான் ஆகியவற்றில் குளிர்ச்சிக்கு இருப்பது ஒரு சிறு காற்றாடியும் சிலிண்டரின் செதில்களும்தான். அந்தச் செதில்களிலும் புல்தூளும் மரத்தூளும் அடைந்திருக்கும். பிஸ்டன் தண்ணீரில் குளிரும் மோட்டாரைவிட வெகுவாகச் சூடேறும். அந்தச் சூட்டில், சாம்பலில்லா ஆயிலில் அழுக்கைக் கரைக்கச் சேர்த்த பொருள் தாங்காமல் சிதைந்துவிட, ரிங் பள்ளத்தில் பிசின் இறுகுகிறது. ரிங் ஒட்டிக்கொண்டதும் எரியும் வாயு பக்கவாட்டில் கசிந்து ஆயில் படலத்தை எரித்துவிடுகிறது. பிறகு உலோகத்தோடு உலோகம் உராய்கிறது. நான் டார்ச் வெளிச்சத்தில் பார்த்த தேன் நிறப் பிசினும் கீறலும் இந்த வரிசையில் வந்தவையே.

எதிர்த் திசையிலும் இது பொருந்தும். செயின் சாவுக்கு வாங்கிய ஆயிலைப் படகு மோட்டாரில் ஊற்றக் கூடாது. சில டப்பாக்களில் இரண்டு குறியீடுகளும் சேர்ந்தே அச்சிடப்பட்டிருக்கும்; அப்போது உங்கள் என்ஜினின் கையேடு கேட்கும் குறியீடு அந்தப் பட்டியலில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எந்த எந்திரத்துக்கு எது

செயின் சாவுக்கும் பிரஷ் கட்டருக்கும் என் தேர்வு ஜாசோ எஃப்டி அல்லது ஐஎஸ்ஓ ஈஜிடி. இவை முழு வேகத்தில் சூடாகவே ஓடுபவை. விலை வேறுபாடு, வேலையில் செலவாகும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஒரு பிஸ்டன்-சிலிண்டர் செட்டின் விலையை நினைத்தால் அதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. எஃப்டி கிடைக்காத ஊரில் எஃப்சி போதும், எஃப்பி வேண்டாம். செயின் சா வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். சங்கிலிக்கும் அது ஓடும் பட்டைக்கும் தனி டேங்கில் ஊற்றும் ஆயில் வேறு. அது ஒட்டும் தன்மையுள்ள கெட்டியான ஆயில், பெட்ரோலில் கலப்பதற்கு அல்ல. இரண்டு மூடிகளும் அருகருகே இருப்பதால் அவசரத்தில் மாறிப்போவதை நான் கண்டிருக்கிறேன்.

விசைத்தெளிப்பானுக்குப் புகை ஒரு பெரிய கணக்கு. அந்த என்ஜின் முதுகில், மூக்குக்கு அருகே நாள் முழுதும் ஓடுகிறது. பருத்திக்கோ மாமரத்துக்கோ மருந்தடிப்பவர் மருந்தின் நெடியோடு எரிந்த ஆயிலின் புகையையும் சுவாசிக்கிறார். ஆகவே புகைக்கு 85 மதிப்பெண் எடுத்த எஃப்சியோ எஃப்டியோதான் வாங்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்து மருந்தடிப்பவர்கள், தாங்கள் முதுகில் சுமக்காததால் மலிவான ஆயிலை வாங்கிக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பழைய மொபெட், ஸ்கூட்டர் ஆகியவற்றில் பெட்ரோல் போடும்போது ஆயிலையும் சேர்த்து ஊற்றும் வகைக்கு ஜாசோ எஃப்சி நிறைவானது. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான யமஹா ஆர்எக்ஸ்100 போன்ற பைக்குகளில் ஆயிலுக்குத் தனி டேங்கும், ஆக்ஸிலரேட்டர் கேபிளோடு இணைந்த பம்பும் உண்டு. இவற்றுக்குத் தரத்தோடு இலகுவாக ஓடும் தன்மையும் முக்கியம். பந்தயத்துக்கென்று விற்கும் கெட்டியான ஆயில், பம்பின் மெல்லிய குழாயில் போதிய அளவு வராது. பம்புக்கும் ஏற்றது என்று டப்பாவில் குறிப்பிட்ட எஃப்சி அல்லது எஃப்டி ஆயிலையே ஊற்றுங்கள். ஆயில் டேங்க் ஒருமுறை முற்றிலும் வற்றிவிட்டால், நிரப்பியதோடு நிற்காமல் பம்பில் உள்ள காற்றையும் வெளியேற்ற வேண்டும்; அதுவரை பெட்ரோலிலும் ஆயில் கலந்து ஓட்டுவது பாதுகாப்பு.

மீன்பிடிப் படகுகளில் டிசி-டபிள்யூ3 தவிர வேறு பேச்சில்லை. குமரி மாவட்டக் கரையிலும் இலங்கையின் கரைகளிலும் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் இருக்கின்றன. பெட்ரோலில் தொடங்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அந்த மோட்டார்களில் இரண்டு எரிபொருளிலும் ஆயில் கலந்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய் இயல்பாகவே கரி படியவைப்பது என்பதால், ஆயிலின் தரத்தில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் பிளக்கும் சைலன்சர் வழியும் விரைவில் அடையும்.

விளக்கெண்ணெய் கலக்கலாமா

டூ-ஸ்ட்ரோக் பைக்கை விரும்பும் இளைஞர்கள் சிலர் இதைக் கேட்கிறார்கள். கேள்வி வேரில்லாதது அல்ல. ஆமணக்கு எண்ணெய் கடும் சூட்டிலும் உலோகத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. இன்றும் மெத்தனாலில் ஓடும் சிறிய மாடல் விமான என்ஜின்களில் ஆமணக்கு எண்ணெய் கலக்கிறார்கள். சாதாரணக் கனிம ஆயில் மெத்தனாலில் கரையாது, ஆமணக்கு கரையும் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் அந்த எண்ணெய் பிசின் நீக்கிச் சுத்திகரிக்கப்பட்டது. மளிகைக் கடை விளக்கெண்ணெய் அவ்வாறல்ல. மேலும் ஆமணக்கு எண்ணெய் பெட்ரோலில் நிலையாகக் கரைந்து நிற்காமல் குளிரில் பிரியும். எரிந்த பின் அரக்குபோன்ற படலத்தை விட்டுச்செல்லும். பந்தயம் முடிந்ததும் என்ஜினைப் பிரித்துத் துடைப்பவருக்கு அது பொருந்தும். தினமும் வேலைக்குப் போகும் பைக்குக்கு அது வேண்டாம்.

எவ்வளவு கலப்பது

1:50 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 1:40 என்றால் 25. 1:25 என்றால் 40. 1:20 என்றால் 50. இந்த அளவை என்ஜினைத் தயாரித்தவர் சொன்னபடியே வைத்துக்கொள்ள வேண்டும். ஆயில் டப்பாவில் இருக்கும் எண், என்ஜின் கையேட்டின் எண்ணுக்கு அடுத்தபடிதான். ஒரே என்ஜினுக்கும் ஆயிலின் தரத்தைப் பொறுத்து அளவு மாறலாம். செயின் சா தயாரிக்கும் ஸ்டில் நிறுவனத்தின் கையேடுகள் தங்கள் ஆயிலுக்கு 1:50 என்றும், மற்ற டிசி தர ஆயில்களுக்கு 1:25 என்றும் சொல்லிவந்தன. கையேடு தொலைந்துபோன பழைய எந்திரமாக இருந்தால் டேங்க் மூடியைப் பாருங்கள். பல எந்திரங்களில் கலவை அளவு அங்கேயே பொறித்திருக்கும்.

"ஒரு கை கூடுதலாக ஊற்றினால் என்ஜினுக்கு நல்லது" என்ற நம்பிக்கை நம் ஊரில் வேரோடியது. கூடுதல் ஆயில் கரியைக் கூட்டும், பிளக்கை நனைக்கும், சைலன்சரின் சல்லடையை அடைக்கும். பலரும் எண்ணிப் பார்க்காத இன்னொன்றும் உண்டு. கார்புரேட்டரின் ஜெட் எனும் நுண்துளை வழியே போகும் திரவத்தின் அளவு ஏறக்குறைய மாறாதது; அதில் ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும். 1:50இல் 98 பங்கு பெட்ரோல் போகும் இடத்தில் 1:25இல் 96 பங்குதான் போகும். வேறுபாடு சிறியதே, ஆனாலும் ஏற்கெனவே பெட்ரோல் குறைவாகப் பாயும்படி திருகிவைத்த என்ஜினில் அது சூட்டைக் கூட்டும் பக்கமே நிற்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் விற்பனைக்கு வரத் தொடங்கி, 2025க்குள் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. சிறு என்ஜின்களின் கையேடுகள் பெரும்பாலும் 10 சதவீதம்வரையே ஏற்கின்றன. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் காற்றுக்கு எரிபொருள் வழக்கத்தைவிடக் குறைந்ததுபோலாகி என்ஜின் சூடாக ஓடும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். ஈரம் அளவு கடந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். ஆயில் மேலே இருக்கும் பெட்ரோலோடுதான் நிற்கும். பெட்ரோல் உறிஞ்சும் குழாயோ அடியில் இருக்கிறது. அப்போது என்ஜினுக்குள் போவது ஆயிலே இல்லாத திரவம். எனவே எஃப்டி தரத்தைத் தேர்ந்தெடுக்க இது இன்னொரு காரணம் என்பதோடு, கலவையை வாரக்கணக்கில் வைக்கக் கூடாது என்பதற்கு முதற்காரணமும் ஆகிறது.

கலக்கும் முறை

ஆயிலை நேரே எந்திரத்தின் டேங்கில் ஊற்றாமல், தனி கேனில் கலப்பதே சரி. பெட்ரோலுக்கென்றே உள்ள, இறுக மூடும் கேனில் பாதிப் பெட்ரோலை ஊற்றி, ஆயில் முழுவதையும் சேர்த்து, மூடிக் குலுக்கி, மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடியும் குலுக்குங்கள். அளவுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி இல்லாத சிரிஞ்ச் மிகவும் பொருத்தம். பாட்டில் மூடியால் அளப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு ஊற்றுகிறார்கள். கேனின் மேல் கலந்த தேதியையும் விகிதத்தையும் எழுதிவையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. திறந்த டின்னிலிருந்து அளந்து விற்கும் சில்லறை ஆயிலை, அதன் குறியீட்டைப் படிக்கவே வழியில்லாததால், வாங்காதீர்கள்.

தேர்ந்தெடுத்த ஆயில் பொருந்துகிறதா என்று பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. கறுத்து எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஆயில் கூடுதல் அல்லது பெட்ரோல் கூடுதல். சுண்ணாம்புபோல் வெளுத்து, மேலே நுண்ணிய உலோகப் பொட்டுகள் தெரிந்தால் உடனே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். அந்தப் பொட்டுகள் பிஸ்டனின் அலுமினியம்.

பருவ வேலை முடிந்து எந்திரத்தை மாதக்கணக்கில் வைப்பதாக இருந்தால், டேங்கில் உள்ளதை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிஞ்சியது தீர்ந்து தானாக நிற்கும்வரை மெதுவாக ஓடவிடுங்கள். ஆறியபின் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஐந்து மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கயிற்றை மூன்று நான்கு முறை மெல்ல இழுத்து ஆயிலைப் பரவச் செய்து, பிளக்கை மாட்டி, கயிற்றில் அழுத்தம் தெரியும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அடுத்த பருவத்தில் முதல் முறை உயிர்ப்பிக்கும்போது ஓரிரு நிமிடம் வெண்புகை அடர்ந்து வரும். அது அந்த ஐந்து மில்லி எரியும் புகைதான் என்பதால் பயப்பட வேண்டியதில்லை.